தெப்பக்குளம் வீட்டுக்கு ஈரப்பதம் குறைக்கும் கருவி: எந்த நிறுவனம் வாங்கலாம்?

வண்டியூர்க்காரி:
மதுரை தெப்பக்குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. மாமனார் கட்டியது. தரைத்தளத்துப் பின்னறைக்கு வெயிலே வராது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, உயரம் பத்தடி. இரண்டு பீரோக்களும் என் கணவரின் மிருதங்கங்களும் அங்கேதான் இருக்கின்றன. ஐப்பசி பிறந்தால் போதும், பட்டுப்புடவை மடிப்பில் பூசணம். மிருதங்கம் சுருதியில் நிற்பதில்லை. பங்குனி, சித்திரையில் ஒரு தொல்லையும் கிடையாது.

ஒரிஜின், பவர் பை, வைட் வெஸ்டிங்ஹவுஸ், ஷார்ப் என்று நான்கு பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். டவுன்ஹால் ரோட்டில் விசாரித்த கடையில், "நாளுக்கு இருபது லிட்டர் நீர் பிடிப்பதை வாங்குங்கள், பெரியதுதான் நல்லது" என்றார்கள். இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்க மனமில்லை. மதுரையில் யாராவது பயன்படுத்துகிறீர்களா?

கேகேநகர் மாடிவீடு:
அவ்வளவு செலவு எதற்கு? நான்காயிரத்துக்குள் கையடக்கமான கருவி கிடைக்கிறது. என் கேமரா அலமாரியில் வைத்திருக்கிறேன். சத்தமே கிடையாது, லென்ஸில் பூஞ்சை வருவது நின்றுவிட்டது.

பழைய கம்ப்ரசர்:
சிம்மக்கல்லில் ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்த்தே தலை நரைத்தவன் நான். இப்போது பட்டறையை மகன் பார்க்கிறான். நான் இங்கே வம்பளக்கிறேன்.

கேகேநகர் தம்பி சொல்வது பெல்டியர் வகை. அதில் கம்ப்ரசர் கிடையாது. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் சின்னத் தகடுதான். அலமாரிக்கு அருமையான பொருள். அறைக்குள் வைத்தால், நாள் முழுக்க ஓடி அரை லிட்டர் பிடிப்பதற்குள் அதற்கு மூச்சு முட்டிவிடும்.

வண்டியூர் அம்மா, நீங்கள் நிறுவனத்தைக் கேட்கிறீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கிறேன். உங்கள் அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 41 கன மீட்டர். 28 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்றில் இருக்கும் மொத்த நீரே ஒரு லிட்டருக்குக் குறைவுதான். அதை 55 சதவீதத்துக்கு இறக்க, சுமார் 330 மில்லி எடுத்தால் போதும். அப்படியானால் கருவி தினம் மூன்று நான்கு லிட்டர் பிடிப்பது எப்படி? ஜன்னல் இடுக்கில் புகுந்துகொண்டே இருக்கும் மழைக்காற்று ஒன்று, சுவர் விடும் ஓதம் இன்னொன்று. முன்னதற்குக் கருவி உதவும். பின்னதற்கு எந்த நிறுவனத்தின் கருவி வாங்கினாலும் நீங்கள் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டிருப்பீர்கள், மின்கட்டணம் கட்டி.

சுவரில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளுக்கு உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர் கோத்தால் சுவர்தான் குற்றவாளி. சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசி, அதன்மேல் பளபளக்கும் பெயிண்டும் அடித்திருந்தால் ஓதம் வெளியேற வழியில்லாமல் மேலே மேலே ஏறும். அதற்குக் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

காற்றுதான் காரணம் என்றால் கம்ப்ரசர் வகை (ஃபிரிட்ஜ் போலக் குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரத்தை நீராக்கிச் சொட்ட வைப்பது), 10 முதல் 12 லிட்டர் போதும். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் எடுத்தது. 27 டிகிரி, 60 சதவீதத்தில் அதே கருவி ஏறத்தாழ பாதிதான் எடுக்கும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது இரண்டு எண்களும் ஒரே நிலையில் எடுத்தவையா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பன்னிரண்டு பெரிதா பத்து பெரிதா என்பதே தெரியாது.

நீங்கள் எழுதிய பெயர்களில் ஷார்ப், காற்றுச் சுத்திகரிப்பையும் ஈரம் நீக்குவதையும் ஒரே பெட்டியில் தருகிறது. விலை ஏறும், ஃபில்டர் மாற்றும் செலவும் உண்டு. உங்கள் பின்னறைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. மற்ற மூன்றில் இதுதான் உசத்தி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இந்த அளவுக் கருவிகளைக் கழற்றினால் உள்ளே கம்ப்ரசர், சுருள், விசிறி, தொட்டி, அவ்வளவுதான். ஆகவே கேட்க வேண்டியதைக் கடைக்காரரிடம் கேளுங்கள். மதுரையிலேயே பழுது பார்ப்பார்களா, பெட்டி கட்டிச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமா? கம்ப்ரசருக்குத் தனி உத்தரவாதம் எத்தனை ஆண்டு? மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்குமா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. மின்வாரியப் பராமரிப்பு நாளில் காலையில் அணைந்த கருவி, யாரும் பொத்தானை அழுத்தாமல் மறுநாள்வரை சும்மா நிற்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: 50 முதல் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டாம். பலா மரமும் தோலும் அளவுக்கு மீறிக் காய்ந்தால் விரிசல் விடும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை மிருதங்கத்தின் பக்கத்திலேயே வையுங்கள். கருவியின் முகப்பில் தெரியும் எண் கருவி இருக்கும் இடத்தின் எண் மட்டுமே.

கொடைக்கானல் வாடகைவீடு:
ஐயா, எங்களுக்குக் கொடைக்கானலில் ஒரு வீடு இருக்கிறது. மதுரையிலிருந்து ஒரு கம்ப்ரசர் கருவியைக் கொண்டுபோய் வைத்தோம். மார்கழியில் தொட்டியில் தண்ணீரே சேரவில்லை. உள்ளே வெள்ளையாகப் பனி. கருவி கெட்டுவிட்டதா?

பழைய கம்ப்ரசர்:
கெடவில்லை. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் சுருள் உறைநிலைக்குக் கீழே இறங்கும். நீர் சொட்டாமல் பனியாகப் படியும். அதை உருக்க நிறுத்தி நிறுத்தி ஓடும், பாதி நேரம் வீண். குளிரூருக்கு டெசிக்கன்ட் வகைதான் பொருத்தம். ஈரத்தை உறிஞ்சும் சக்கரம் சுழலும், சூடேற்றி அந்த ஈரத்தைப் பிரிக்கும். பிரிட்டனில் மீக்கோ போன்ற நிறுவனங்கள் வீட்டுக்கான அளவில் செய்கின்றன. நம் நாட்டு ப்ரை-ஏர் இதே முறையில் தொழிற்சாலைகளுக்குச் செய்கிறது, அது வீட்டுப் பொருளன்று. மின்சாரம் கூடுதலாகத் தின்னும். ஆனால் அறை கொஞ்சம் சூடாகும், உங்கள் ஊரில் அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மதுரையில்தான் கோபித்துக்கொள்வார்கள். கம்ப்ரசர் கருவியும் சூட்டை வெளியே தள்ளாது, அறைக்குள்ளேயே விடும். ஒரு லிட்டர் நீராவி நீராகும்போது விடும் வெப்பமே 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதோடு மோட்டார் இழுக்கும் மின்சாரமும் சூடாகத்தான் முடியும். ஆகவே ஆள் படுக்கும் அறையில் வேண்டாம். படுக்கையறைக்கு இருக்கும் ஏசியையே போடுங்கள்.

வண்டியூர்க்காரி:
ஐயா சொன்னபடி பாலித்தீன் ஒட்டிப் பார்த்தோம். தெருப்பக்கச் சுவரில் ஒன்றுமில்லை. குளியலறையை ஒட்டிய சுவரில் மட்டும் உள்பக்கம் முத்து முத்தாக நீர். குழாய் பிரித்துப் பார்க்கப் பிளம்பர் வருகிறார். கருவியும் வாங்குவதாக முடிவு. பன்னிரண்டு லிட்டர், நிறுவனம் எது என்பதை மதுரையில் பழுது பார்ப்பவர் இருப்பதை வைத்துத் தீர்மானிக்கிறோம். மின்கட்டணம் எவ்வளவு ஏறும்? சேரும் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாம் என்கிறார் கணவர்.

பழைய கம்ப்ரசர்:
ஊற்ற வேண்டாம். பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் சுருளின் உலோகமும் அறைத் தூசியும் கலந்த நீர் அது. குடிக்கவும் கூடாது. வீடு துடைக்கலாம், செடிக்கு விடலாம்.

250 வாட் கருவி பத்து மணி நேரம் ஓடினால் 2.5 யூனிட். தினமும் அப்படியென்றால் இரண்டு மாதக் கணக்கில் 150 யூனிட். ஆனால் குழாய்க் கசிவு நின்று, கதவை மூடியும் வைத்தால் அறை காய்ந்தபின் கருவி தானாக நின்று நின்றுதான் ஓடும். பிளம்பர் வேலை முடிந்து சுவர் காயும்வரை மட்டும் தொட்டிக்குப் பதில் குழாய் மாட்டி நேரே சாக்கடைக்கு விடுங்கள். தொட்டி நிறைந்தால் கருவி நின்றுவிடும், இரவில் எழுந்து யார் கொட்டுவது? மிருதங்கங்களைச் சுவரோரம் சாய்க்காமல் ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.