மொராக்கோ ஃபெஸ் பழைய நகரச் சந்துகள்: இன்னும் உறுத்திட்டிருக்கிற ஒண்ணு இருந்தா எழுதுங்க

தலா கபீரா, அதாவது பெரிய தலாங்கிற முக்கியச் சந்தோட இறக்கம். ஆயிரம் வருஷத்து நீல வாசலைத் தாண்டிப் பத்து நிமிஷம் நடந்திருப்பேன். பின்னாடி "பாலக்! பாலக்!"னு சத்தம். ஏதோ கூவி விக்கிறாங்கன்னு நினைச்சு, ஒரு கடையோட பித்தளை விளக்கைப் படம் எடுத்துட்டு நின்னேன். யாரோ என் முழங்கையைப் பிடிச்சுச் சுவரோரம் இழுத்தாங்க. திரும்பினா ஒரு வயசானவர். மணிக்கட்டு வரைக்கும் கை மஞ்சளா இருந்துச்சு. பையை இறுக்கிக்கிட்டு அந்தக் கையை உதறிட்டேன். அடுத்த நொடி, ஈரத்தோல் சுமந்த கோவேறு கழுதை என் தோளை உரசிட்டுப் போச்சு. அவர் நெஞ்சுல கை வெச்சு லேசாத் தலையாட்டிட்டு நடந்துட்டார். எனக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரல. நாலு வருஷம் ஆச்சு.

—

எனக்கு மௌலாய் இத்ரீஸ் தர்கா சந்து. குறுக்கே மரக்கட்டை போட்டிருப்பாங்களே, அதுக்கு அந்தப் பக்கம் சுமைக் கழுதை போகக்கூடாது. அந்தக் காலத்துல அதைத் தாண்டி உள்ளே ஓடிட்டா, துரத்தி வந்தவங்க பிடிக்க முடியாதாம். நான் குனியறப்ப எதிர்ப்பக்கம் ஒரு பாட்டியும் குனிஞ்சாங்க. முகத்துக்கு நேர் முகம், ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. வெளிச்சுவர்ல இருக்கிற செப்புத் தகட்டுத் துளையில கையை விட்டுக் கண்ணை மூடி நின்னாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, நீயும் வைன்னு சைகை காட்டினாங்க. நான் முஸ்லிம் இல்லையே, வைக்கலாமான்னு தயங்கினேன். அதுக்குள்ள அவங்க கூட்டத்தோட போயிட்டாங்க.

—

முதல்ல எழுதினவருக்கு: அந்த நீல வாசலுக்கு ஆயிரம் வருஷமெல்லாம் ஆகல. பாப் பூ ஜலூத், பிரெஞ்சு ஆட்சி வந்தப்புறம் 1913ல கட்டினது. வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் பச்சை. நிஜமான பழைய வாசல் பக்கத்துலயே இருக்கு, யாரும் நின்னு பாக்கறதில்ல, எனக்கு அதுல வருத்தம் உண்டு. ஆயிரம் வருஷம்னா கரவிய்யீன் பள்ளிவாசலைச் சொல்லுங்க. 859ல ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி தொடங்கினதா மரபு. அவங்க குடும்பம் துனிசியாவுல இருக்கிற கைரவான்ல இருந்து வந்தது, பள்ளிவாசல் பேர்லயே அந்த ஊர் இருக்கு.

இனிமே போறவங்க கேட்டுக்கங்க. "அந்த வழி மூடியிருக்கு, நான் கூட்டிட்டுப் போறேன்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வழி தப்பினா பயப்படாதீங்க, பெரிய தலா, சின்ன தலா எதைப் பிடிச்சு மேல ஏறினாலும் வாசலுக்கே வந்து சேரும். போன் மேப்பை நம்பிச் சந்துக்குள்ள நுழையாதீங்க. வழுக்காத செருப்பு போடுங்க. "பாலக்"னா வழி விடுன்னு அர்த்தம், அது காதுல விழுந்தா திரும்பிப் பாக்காம முதல்ல சுவரோரம் ஒதுங்குங்க. தோல் பதனிட்டுச் சாயம் போடுற சவ்வாரா தொட்டிகளுக்குக் காலையிலயே போங்க. மேல இருந்து பாக்கிற கடை மாடியில புதினாக் கொத்து குடுப்பாங்க, வாங்கிக்கங்க, தொட்டியில இருந்து வர்றது சுண்ணாம்பும் புறா எச்சமும் சேர்ந்த நாத்தம். கீழ தொடை வரைக்கும் தொட்டிக்குள்ள நின்னவர் கையில புதினா இல்ல. என் மனசுல நிக்கிறது அதுதான். பக்கத்துல இன்னொருத்தர் தோலை விரிச்சுப் போட்டு, வெறும் கையாலேயே மஞ்சள் சாயம் தேய்ச்சுட்டிருந்தார்.

—

வாசல் விஷயம் திருத்திக்கிறேன். அப்போ அது சாயமா? அழுக்குக் கைன்னு நினைச்சுத்தான் உதறினேன்.