ஷோகுன் பிடித்த பிணையும் இன்றைய அணுக் கட்டுப்பாடும்: ஒப்பிட்டுப் பேசலாமா?

கோத்தகிரியான்:
இங்கே கல்லூரி மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பேச வேண்டும். டைம்யோக்களின் (வட்டார ஆட்சியாளர்கள்) மனைவி, வாரிசுகளை எடோவில் (இன்றைய டோக்கியோ) பிணையாக வைத்தாரே ஜப்பானின் ராணுவ ஆட்சியாளர் ஷோகுன், அதை இன்றைய அணு ஆயுத அச்சுறுத்தல் சமநிலைக்கு முன்மாதிரி என்று சொல்லலாமா? அணு ஆயுத உத்தி பற்றி எழுதிய பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங்கும் பிணைகளை வைத்துத்தானே விளக்கினார்? எந்த இடத்தில் உதைக்கும்?

மலைக்குறிஞ்சி:
முதல் அடியிலேயே உதைக்கும். ஷெல்லிங் சொல்லும் பிணை இருபக்கமும் உண்டு. என் நகரம் உன் ஏவுகணைக்கு, உன் நகரம் என்னுடையதற்கு. எடோவில் ஷோகுன் குடும்பம் யாரிடமும் பிணையாக இல்லை. ஆகவே அச்சுறுத்தலை விட்டுவிட்டு, கண்காணிப்பை எடுங்கள். சரக்கு அங்கேதான்.

1615-ல் ஆளுகைக்கு (ஒரு டைம்யோவின் ஆட்சிப் பகுதி) ஒரே கோட்டை என்று உத்தரவு. மற்றவற்றை இடிக்க வேண்டும். இருப்பதைப் பழுதுபார்க்கவும் முன் அனுமதி தேவை. ஹிரோஷிமாவின் டைம்யோ ஃபுகுஷிமா மசனோரி, வெள்ளத்தில் சேதமான கோட்டையை அனுமதி கைக்கு வருமுன் சரிசெய்தார். கட்டியதை இடிக்கச் சொன்னார்கள், அரைகுறையாக இடித்தார். 1619-ல் ஏறத்தாழ 5 லட்சம் கொக்கு ஆளுகை பறிபோய் 45,000 கொக்கு மிஞ்சியது. (கொக்கு என்பது ஆளுகையின் விளைச்சலை அளக்கும் அலகு; 1 கொக்கு சுமார் 150 கிலோ அரிசி.) அறிவிக்காத கட்டுமானம், திருத்திக்கொள்ள வாய்ப்பு, அரைகுறைத் திருத்தம், தண்டனை. இந்த வரிசையைப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

குன்னூர் சரவணன்:
அண்ணா சொன்னதோடு சோதனைச் சாவடியையும் சேருங்கள். நீலகிரியின் குஞ்சப்பனைச் சாவடியில் மேலே வரும் வண்டியில் பிளாஸ்டிக் தேடுவதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள்: எந்தப் பொருள், எந்தத் திசை என்பதுதான் கேள்வி. அங்கே எடோவுக்குள் போகும் துப்பாக்கி, எடோவை விட்டு வெளியேறும் பெண். எடோ சாலையில் இருந்த ஹகோனே சாவடியில் பெண்களுக்குத்தான் கெடுபிடி. துப்பாக்கிக்கு அதே சாலையின் அராய் சாவடியைச் சொல்லுங்கள். பெண்ணின் அனுமதிச் சீட்டில் அங்க அடையாளம், தலைமுடி வரை குறித்திருக்கும். பொருந்தாவிட்டால் வழி கிடையாது.

அணுப்பொருளில் சர்வதேச அணுசக்தி முகமையின் அளவுகோல், ஒரு குண்டுக்குப் புளுட்டோனியம் 8 கிலோ. ஜப்பானின் ரொக்கஷோ அணு எரிபொருள் மறுசுழற்சி ஆலை முழுத்திறனில் ஆண்டுக்குச் சுமார் 8 டன் புளுட்டோனியம் பிரிக்கும்படி வடிவமைத்தது. அளவீட்டில் 1 சதவீதம் பிசகினாலே 80 கிலோ, பத்து குண்டுக்கானது! அங்குள்ள இன்னொரு ஆலையான டொக்காயில் 206 கிலோ புளுட்டோனியம் கணக்கில் வரவில்லை என்று 2003-ல் ஜப்பானே அறிவித்தது; மறுகணக்கில் அது பெரிதும் குறைந்தது. எடை போடுவது மட்டும் போதாமல் கேமரா, முத்திரை, ஆய்வாளர் என்று வைப்பது இதனால்தான்.

கோத்தகிரியான்:
நன்றி. சான்கின் கோத்தாய்க்கு (டைம்யோக்கள் முறைவைத்து எடோவில் வந்து தங்கும் ஏற்பாடு) எந்த ஆண்டைப் போடுவது? 1615-ஆ, 1635-ஆ?

மலைக்குறிஞ்சி:
1635. அதுவும் வெளிவட்ட டைம்யோக்களுக்கு; ஷோகுனின் டொக்குகாவா குடும்பத்துக்குப் பரம்பரை விசுவாசிகளாக இருந்தவர்களுக்கு 1642. தளர்த்தியது 1862.

ஒப்பீடு முறியும் இடத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். டைம்யோ விலக முடியாது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் 10-வது பிரிவுப்படி 3 மாத முன்னறிவிப்புடன் நாடு விலகலாம். வடகொரியா 2003-ல் விலகுவதாக அறிவித்தது. ஆளுகையைப் பறிக்க நாடுகளுக்கு மேலே ஷோகுன் இல்லை.