தூர்வாரிய கணக்கைக் கேட்டேன், பதில் இல்லை. உதவுங்கள்

கடைமடை விவசாயி:
அவசரம். எங்கள் வாய்க்காலைத் தூர்வாரியாகிவிட்டது என்கிறார்கள். பொக்லைன் வந்தது, வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் கொஞ்சம் மண் அள்ளியது, போய்விட்டது. எங்கள் பக்கம் கோரையும் ஆகாயத்தாமரையும் அப்படியே இருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன், பதில் வரவில்லை. அடுத்து என்ன செய்வது?

வெண்ணாற்றங்கரை:
எந்த அலுவலகம்? எந்தத் தேதி? 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினீர்களா?

நாற்றங்கால்:
ஊராட்சி வாய்க்காலாக இருக்கும், மனு தப்பான இடத்துக்குப் போயிருக்கும். அப்படியானாலும் 5 நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். பிரிவு 6(3).

பழைய மனுதாரர்:
தம்பி, சட்டத்தைப் படித்துவிட்டு மனு எழுத வேண்டும். "ஏன் தூர்வாரவில்லை" என்று கேட்டிருப்பீர்கள். காரணம் சொல்வது அவர்கள் வேலை இல்லை. மதிப்பீட்டு நகல், எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் அளவைப் புத்தகம்) நகல் என்று ஆவணத்தைக் கேளுங்கள். இங்கே பலமுறை சொல்லியாகிவிட்டது.

வெண்ணாற்றங்கரை:
ஆவணத்தைக் கேட்பது சரி. காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது முழுச் சரி இல்லை, ஐயா. நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும் என்று 4(1)(டி) சொல்கிறது.

பழைய மனுதாரர்:
அது அவர்கள் தாங்களாகச் செய்ய வேண்டிய கடமை. மனுவில் கேட்பது வேறு.

வெண்ணாற்றங்கரை:
நான் சொல்வதும் அதைத்தான். திட்டம், ஒதுக்கீடு, செலவு எல்லாம் 4(1)(பி)யில் உள்ள 17 வகைக்குள் வருகின்றன. 2005 சட்டம் வந்த 120 நாளுக்குள் வெளியிட்டிருக்க வேண்டியவை. மக்கள் மனுவோடு அலையக் கூடாது என்றுதான் 4(2) இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு தொகை, யார் ஒப்பந்ததாரர் என்று கரையில் தமிழில் பலகை வைத்திருந்தால் இவர் இங்கே வந்திருக்கவே மாட்டார்.

நாற்றங்கால்:
அது இருக்கட்டும், முன்பு ஆளிறக்கி வெட்டினார்கள், மண் கரையிலேயே ஏறியது. பொக்லைன் வந்தபின்தான் இந்தக் கோளாறு.

பழைய மனுதாரர்:
கோளாறு இயந்திரத்தில் இல்லை, அளவெடுப்பதில்.

கடைமடை விவசாயி:
மன்னிக்கவும், வயலில் இருந்தேன். மனு போட்டு 22 நாள் ஆகிறது. பதிவுத் தபால், ஒப்புகை அட்டை வந்துவிட்டது. எம்-புக் நகல்தான் கேட்டேன்.

வெண்ணாற்றங்கரை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 30 நாள் முடிந்தால்தான் முதல் மேல்முறையீடு. ஆனால் ஜூன் 12இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடினால், எத்தனை ஆழம் வெட்டினார்கள் என்று யார் அளப்பது? பணியையும் ஆவணத்தையும் நேரில் பார்வையிடும் உரிமை 2(ஜே)யில் உண்டு. அதைக் கேட்டு இன்றே இன்னொரு மனு கொடுங்கள். அப்புறம், இப்போதுள்ள வாய்க்காலைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

கடைமடை விவசாயி:
கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை எம்-புக் காட்டுகிறார்களாம். டேப்போடு நாலு பேர் போகிறோம். நன்றி அண்ணே.