சூடான் குழந்தைகளுக்கான உதவியைப் பெருக்கத் தடை எது?

கேள்வி: 2023 ஏப்ரல் 15 அன்று தொடங்கிய போரால் வீடிழந்து மேற்கு சூடானின் டார்ஃபூர் பகுதி முகாம்களில் தங்கியிருக்கும் குழந்தைகளுக்கு உதவியைப் பெருக்கத் தடையாக இருப்பது பணப் பற்றாக்குறை மட்டும்தானா?

மறுமொழி 1: உதவி சென்றடையும் வழியும்தான் தடை ஐயா. அண்டை நாடான சாட்டின் எல்லையில் உதவி லாரிகள் நுழையும் அத்ரே கடவை 2024 பிப்ரவரியில் மூடப்பட்டு ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. டார்ஃபூரிலுள்ள சம்சம் முகாமில் பஞ்சம் நிலவுவது உறுதிசெய்யப்பட்டதும் அதே மாதத்தில்தான். நெஞ்சு பதறுகிறது. மழைக்காலத்தில் சாலைகள் துண்டிக்கப்படுவதால், முன்னதாகவே சரக்கைச் சேர்த்து வைக்காவிட்டால் லாரிகள் சென்றடைவதில்லை.

மறுமொழி 2: கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்குத் தரப்படும் 92 கிராம் நிலக்கடலைப் பசைப் பொட்டலத்தில் சுமார் 500 கலோரி உண்டு, அதைச் சமைக்கவும் வேண்டாம், நீர் கலக்கவும் வேண்டாம். ஆயினும் சிகிச்சை பல வாரங்கள் நீடிப்பதால், நடுவே குடும்பம் மீண்டும் இடம்பெயர்ந்தால் அது அறுந்துபோகிறது.

மறுமொழி 3: உள்ளூர் இளைஞர்கள் நடத்தும் சமூகச் சமையற்கூடங்களுக்கு நேரடியாகப் பணம் சேர வேண்டும், லாரி நுழைய முடியாத இடங்களில் அவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.