அமெரிக்காவில் சிகரெட் குறைந்தது சரி, வேப்?

கேள்வி: அமெரிக்காவில் 1965-ல் பெரியவர்களில் 42 சதவீதம் பேர் சிகரெட் பிடித்தார்களாம், 2021-ல் அது 11.5 சதவீதம். அவ்வளவு பேரும் உண்மையிலேயே விட்டுவிட்டார்களா, இல்லை மின் சிகரெட்டுக்கு (வேப்) மாறிவிட்டார்களா?

பதில் 1: மாறியது ஒரு பகுதிதான். மின் சிகரெட் வருவதற்கு முன்பே பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வரி, பொது இடத் தடை, எச்சரிக்கை எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. வயதுவாரியாகப் பாருங்கள்: 2021-ல் 18 முதல் 24 வயதுக்காரர்களில் சிகரெட் சுமார் 5 சதவீதம், வேப் 11 சதவீதம். அந்த வயதில் வேப் பிடிப்பவர்களில் பெரும்பாலானோர் சிகரெட்டையே தொடாதவர்கள். எனக்குப் பயம் அங்கேதான்.

பதில் 2: சராசரியை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பள்ளிப் படிப்புக்கு ஈடான ஜிஇடி தேர்வில் தேறியவர்களில் 2021-ல் 30 சதவீதத்துக்கு மேல் புகைத்தார்கள், முதுநிலைப் பட்டதாரிகளில் 3 சதவீதம்தான்!

பதில் 3: என் அண்ணன் வேப்புக்கு மாறினார். விரல் நுனியில் இருந்த மஞ்சள் கறை போய்விட்டது, ஆனால் தூங்கும்போதும் அந்தக் கருவி தலையணைக்கு அடியில்தான். நிகோடின் அவரை விடவில்லை. அப்புறம் மருத்துவர் சொன்னபடி தோலில் நிகோடின் பட்டை ஒட்டி, ஆலோசனைக்கும் போன பிறகுதான் இரண்டையும் விட்டார்.