விபத்தில் போன கைக்காசு: எங்களுக்குத் திரும்பியதும் திரும்பாததும்

உச்சிப்புளி

2022 ஆகஸ்டில் அம்மாவை ஒரு கார் அடித்துப் போட்டது. பாம்பனில் ஏலம் எடுத்த மீனோடு பஸ்ஸை விட்டு இறங்கி, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் ரோட்டைக் கடந்திருக்கிறார். இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. 108 வந்து ராமநாதபுரம் ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனார்கள். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருந்ததால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை. அதற்கு அப்புறம்தான் கை காலியாக ஆரம்பித்தது.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிளேட் வைத்தார்கள். 1,40,000 ரூபாய். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டினோம். இந்தப் பெரிய பில்லைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. பெயர், தேதி, சீல் எல்லாம் சரியாக இருந்தன, முழுதாகத் திரும்பி வந்துவிட்டது. எங்களைக் கவிழ்த்தவை சின்னச் செலவுகள்.

காலைக் காட்ட மதுரைக்கு 11 தடவை போனோம். நீட்டிய காலோடு பஸ்ஸில் உட்கார முடியாது. வாடகைக் கார்தான், தடவைக்கு 3,500. வாக்கர், கமோடு வைத்த நாற்காலி, பிசியோதெரபி, தினமும் பால், முட்டை. தங்கச்சிமடத்திலிருந்து சித்தி வந்து நான்கு மாதம் கூடவே இருந்தார். குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் அவர்தான். அவருடைய கருவாட்டு வியாபாரம் அப்படியே நின்றுபோனது. அதை ஒரு செலவு என்றே நாங்கள் நினைக்கவில்லை. கூடப்பிறந்தவளுக்குச் சம்பளமா கொடுப்பார்கள்?

எங்கள் வக்கீல் அம்மாதான் புரிய வைத்தார். “சித்திக்கு நீங்க காசு கொடுத்தீங்களா இல்லையாங்கிறது இல்ல தம்பி. வெளியாள் வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு பாப்பாங்க. எழுதுங்க” என்றார். உதவியாளர் செலவு, சத்துணவு, போக்குவரத்து, கிழிந்த துணி, இழந்த வருமானம் எல்லாவற்றுக்கும், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் மனுவில் தனித்தனித் தலைப்பு உண்டாம். அவரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வைத்துக் கொடுத்தார்கள். 1987 சட்டப்படி பெண்களுக்கு இந்த உதவி பெற வருமான வரம்பு கிடையாது. இது எங்கள் பக்கத்துப் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதி வந்த மீன் கணக்கு நோட்டு ஒன்று வீட்டில் உண்டு. எவ்வளவுக்கு ஏலம் எடுத்தது, எந்தத் தெருவில் யார் பாக்கி என்று இருக்கும். விபத்துச் செலவை அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். வேறு நோட்டு அப்போது கையில் இல்லை, அவ்வளவுதான். கடைசியில் முன்பக்கம் வருமானத்துக்கும் பின்பக்கம் செலவுக்கும் சாட்சியாக நின்றது.

விசாரணையில் கார் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் ஒவ்வொரு தாளையும் புரட்டினார். கார் வாடகை மொத்தம் 38,500. எங்களிடம் இருந்தது ஆறு ரசீது. அதில் இரண்டில் வண்டி எண்கூட இல்லை. போக்குவரத்துக்கு 20,000தான் கிடைத்தது. மருந்துக்கடை பில்களில் அம்மா பெயர் இல்லாதவை, டாக்டர் சீட்டோடு ஒத்துப்போகாதவை என்று 9,000 ரூபாய்க்கு மேல் கழிந்துவிட்டது. சில பில்களில் எழுத்தே இல்லை. மெஷினில் வரும் அந்த வழுவழுப்பான தாளில் மை சில மாதத்தில் மங்கிவிடுகிறது, நம் ஊர் உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துப் பின் செய்து வையுங்கள். “பேஷண்ட் பேர் போட்டுக் கொடுங்கண்ணே” என்று கடையில் கேட்க நான் கூச்சப்பட்டேன். 9,000 ரூபாய்க் கூச்சம் அது.

வருமானத்துக்கு எங்களிடம் சம்பளச் சீட்டு ஏது? அதற்கும் வழி இருக்கிறது. வருமானத்துக்குச் சீட்டு எதுவும் இல்லாத ஒரு காய்கறி வியாபாரிக்கு மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஏற்றுக்கொண்டதை வக்கீல் அம்மா எடுத்துக் காட்டினார். அந்த விபத்து 2008இல் நடந்தது. எங்கள் நோட்டையும் ஏலம் விடுகிற அண்ணனின் சாட்சியையும் பார்த்துத் தீர்ப்பாயம் அம்மாவுக்கு 12,000 என்று வைத்தது. நாங்கள் கேட்டது 15,000. சித்திக்காக 30,000 தனியாக வந்தது. அம்மா அதை எண்ணிக்கூடப் பார்க்காமல் அப்படியே சித்தி கையில் கொடுத்தார்.

அடகு வட்டி மட்டும் திரும்பவே இல்லை, அதற்குத் தலைப்பு இல்லை. தீர்ப்புத் தொகைக்கு 7.5 சதவீத வட்டி போட்டார்கள், அதுவும் மனுப் போட்ட தேதியிலிருந்து. நாங்கள் நவம்பரில் மனுப் போட்டோம். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரைக்குமான வட்டி எங்கள் தயக்கத்தில் போனது. 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது.

இன்னொன்று: பிளேட்டை எடுக்க மறுபடி அறுவை சிகிச்சை உண்டு என்றால், அதற்கு எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் வாங்கினோம், எதிர்கால மருத்துவச் செலவு என்று சேர்த்தார்கள்.

தொண்டி

அண்ணே, எங்க அப்பாவுக்கு அடித்த வண்டியே தெரியாது. விடியற்காலை சைக்கிளில் கரைக்குப் போனவரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்து மூன்று மாதம் கடலுக்குப் போகவில்லை. போலீஸ் வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு, வருவாய்த் துறை வழியாக மனுப் போட்டோம். 2022 ஏப்ரலிலிருந்து இதற்குப் பலத்த காயம் என்றால் 50,000, உயிரிழப்பு என்றால் 2 லட்சம். முன்பு 12,500, 25,000தான். இங்கே பில்லுக்குத் தகுந்த மாதிரி ஏறாது, ஒரே தொகை. எங்களுக்கு ஆனது 70,000. ஆனாலும் அந்த 50,000 அக்கவுண்டில் விழுந்த அன்றைக்குத்தான் வலைக் கடனை அடைத்தோம்.

சாயல்குடி

என்னுடையது வேறு மாதிரி. கருவேலம் மண்டிய வளைவில் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்து நானே பைக்கோடு விழுந்தேன். எதிர் வண்டி இல்லாததால் கேட்க ஆள் இல்லை. பாலிசியில் இருக்கும் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், மருத்துவச் செலவுக்கு இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. 62,000 என் கையை விட்டுப் போனது.

கீழக்கரை

படிக்கப் படிக்க அழுகை வருகிறது. என் காக்காவை, அதாவது அண்ணனை, ஒரு சரக்கு வண்டி இடித்தது. “கேஸ் எல்லாம் வேண்டாம், பேசி முடிச்சுக்குவோம்” என்று பெரியவர்கள் உட்கார்ந்து 25,000 வாங்கிக் கொடுத்தார்கள். வண்டிக்காரரும் பாவம் என்று வாப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். எஃப்.ஐ.ஆர். போடவில்லை. இன்சூரன்ஸ் இருக்கும் வண்டிக்குக் கம்பெனிதான் கட்டும், வண்டிக்காரர் வீட்டு அரிசிப் பானையிலிருந்து வராது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் கால் சீழ் பிடித்து 90,000 செலவு. சம்பவம் நடந்து ஐந்து மாதம் ஆகப்போகிறது. இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

உச்சிப்புளி

தங்கச்சி, நாளைக்கே கிளம்புங்கள். காக்காவை முதலில் சேர்த்த மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று எழுதியிருப்பார்கள். எப்படி அடிபட்டது, எத்தனை மணிக்கு வந்தார் என்று அதில் இருக்கும். அதன் நகலைக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, 90,000க்கான பில், அந்தக் கையெழுத்துத் தாள், வண்டி எண், எதையும் விடாமல் ஒரு பையில் போட்டுக்கொண்டு ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். தாமதமாகப் புகார் கொடுக்க வேண்டிய காரணத்தை அவர்களிடம் உள்ளபடி சொல்லுங்கள். 25,000 வாங்கியதை மறைக்க வேண்டாம். வாப்பாவையும் கூட்டிப் போங்கள், கையெழுத்துப் போட்டவர் அவர்தானே. ஆறு மாதம் முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். வியாழக்கிழமை நான் அம்மாவோடு ராமநாதபுரம் வருகிறேன், வேண்டுமானால் கோர்ட் வாசலில் நிற்கிறோம்.