1964 கேடிலாக்: சூட்டில் அணைந்தால் அரை மணி நேரத்துக்குப் பிடிக்க மாட்டேங்குது

கெப்போங் வி8:
வணக்கம் அண்ணன்மாரே. என் காடி (கார்) 1964 கேடிலாக் டிவில். 429 கன இன்ச் எஞ்சின், டர்போ ஹைட்ராமேட்டிக் கியர், கார்ட்டர் ஏஎஃப்பி கார்புரேட்டர். காலையில் ஒரே திருப்பில் பிடிக்குது. கோலாலம்பூர் ஃபெடரல் ஹைவே ஜாமில் 20 நிமிஷம் ஊர்ந்தால் ஐடில் குலுங்க ஆரம்பிக்குது. எண்ணெய் (பெட்ரோல்) அடிக்க நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்துத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நல்லா சுத்துது, எஞ்சின் மட்டும் பிடிக்கல. அரை மணி நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுது.

ரேடியேட்டர் கோர் புதுசு. எஞ்சின் சூட்டைக் காட்டும் சிவப்பு லைட் எரியறதே இல்ல. எயர்கோன் பழைய ஆர்12 கேஸிலிருந்து ஆர்134ஏ கேஸுக்கு மாத்தினது. ஒரு ஃபோர்மேன் (மெக்கானிக்) எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் போடச் சொல்றார், இன்னொருத்தர் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொல்றார். எதை முதலில் செய்யலாம்?

பழைய இரும்பு:
இப்போதைக்கு ரெண்டும் வேணாம் தம்பி. கோளாறு எண்ணெயிலா, நெருப்பிலா என்று தெரியாமல் சாமான் வாங்கினால் காசுதான் போகும். அடுத்த முறை பிடிக்காமல் நிற்கும்போது, ஆறுவதற்குள் இதைப் பாருங்க.

ஏர் கிளீனரைக் கழற்றுங்க. எஞ்சினை அணைத்து வைத்தே, த்ராட்டில் லீவரைக் கையால் ஒரு தடவை முழுசா இழுத்து கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்க. முன்பக்க ரெண்டு துளையிலும் பெட்ரோல் கோடு கோடாகப் பீய்ச்சினால் கிண்ணத்தில் எண்ணெய் இருக்கு. பீய்ச்சலே இல்லை என்றால் கிண்ணம் கொதித்துக் காலி, இல்லாட்டி பம்புக்கு முன்னால் ஆவி அடைத்திருக்கு. பீய்ச்சாமலே உள்ளே சொட்டச் சொட்ட நனைந்து, பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தால் அது வேற கதை: கொதித்த எண்ணெய் வழிந்து எஞ்சினை மூழ்கடிச்சிருக்கு. அப்போ பெடலைத் தரை வரை மிதித்து, எடுக்காமல், பத்து விநாடி சுத்துங்க. பெடலைப் பம்ப் அடிக்கக் கூடாது.

பீய்ச்சல் சரியாக இருந்தால் நெருப்பைப் பாருங்க. பார்க்கும் முன் ஏர் கிளீனரைத் திரும்ப மாட்டி, பெட்ரோல் வாடை போகட்டும். ஒரு பிளக் வயரில் ஸ்பார்க் டெஸ்டர் மாட்டிச் சுத்தணும். நீலமாக, சத்தத்தோடு தாவினால் நல்லது. ஆரஞ்சு நிறத்தில் மெலிசாக வந்தால் கோளாறு இக்னிஷன் காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கண்டென்சர், இல்லாட்டி வோல்ட்டேஜ்.

மீட்டரையும் எடுங்க. சாவி ஆன், எஞ்சின் ஓடக் கூடாது, பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயில் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) மூடியிருக்கணும். காயில் பிளஸ் முனையில் 5 முதல் 7 வோல்ட் காட்டணும். 12 காட்டினால் பேலஸ்ட்டை, அதாவது காயிலுக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைக்கும் ரெசிஸ்டரை, யாரோ தாண்டி வயர் இழுத்திருக்காங்க. அளந்ததும் சாவியை அணைச்சிடுங்க. பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை விட்டு வைத்தால் பாயிண்ட்டும் காயிலும் வெந்துடும்.

பட்டர்வொர்த் கார்ப்:
அண்ணன் சொன்னது சரி. எண்ணெய்ப் பக்கம் மூணு இடம் சேர்த்துக்கிறேன்.

முதலாவது ரிட்டர்ன் லைன். எயர்கோன் வந்த அந்தக் கால ஜிஎம் வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் ஃபில்ட்டரில் மூணாவது மூக்கு ஒன்று இருக்கும், ஒன்றரை மில்லிமீட்டர் துளையோடு. ஆவியும் மிஞ்சிய எண்ணெயும் அது வழியாக டாங்கிக்குத் திரும்பும். ஃபில்ட்டர் மாத்தும்போது ரெண்டு மூக்கு ஃபில்ட்டரைப் போட்டு, திரும்பும் ஹோஸில் ஒரு போல்ட்டைச் செருகி மூடிடுவாங்க. நம்ம ஊர்ல இது சர்வ சாதாரணம். மூணு மூக்கு ஃபில்ட்டர் போடுங்க, சின்ன மூக்கு மேல் நோக்கி 12 மணி திசையில் நிற்கணும். பக்கவாட்டில் வைத்தால் ஆவி போகாது.

ரெண்டாவது ஹீட் ரைஸர், புகைக்குழாயில் இருக்கும் வால்வு. குளிர் நாட்டுக்காகச் செய்தது: வால்வு மூடினால் புகைச்சூடு இன்டேக் மேனிஃபோல்டின் நடுவே, கார்புரேட்டருக்கு நேர் கீழே பாயும். அது மூடியபடியே துருப்பிடித்துச் சிக்கினால் கார்புரேட்டர் அடுப்பு மேல் உட்கார்ந்த மாதிரிதான். எஞ்சின் ஆறினபின் அந்த வால்வுத் தண்டில் இருக்கும் எடைக்கட்டையைக் கையால் ஆட்டிப் பாருங்க. ஆடலைன்னா ஊடுருவும் எண்ணெய் விட்டு, சின்னச் சுத்தியலால் தண்டின் ரெண்டு முனையையும் மாறி மாறித் தட்டுங்க. கோலாலம்பூர்ல அது மூட வேண்டிய நாளே கிடையாது, திறந்த நிலையில் கம்பி போட்டுக் கட்டிடலாம்.

மூணாவது, கார்புரேட்டருக்குக் கீழே சூட்டைத் தடுக்க 6 மில்லிமீட்டர் ஃபினாலிக் ஸ்பேஸர் (கெட்டிப் பிளாஸ்டிக் தகடு). ஸ்டட் நீளம் போதுமா, ஏர் கிளீனர் பானெட்டில் இடிக்குதா என்று களிமண் உருண்டை வைத்து முதலில் அளந்துடுங்க.

எலெக்ட்ரிக் பம்ப் கடைசி வழி. போட்டால் டாங்கிப் பக்கம், 4 முதல் 5 பிஎஸ்ஐ, கூடவே ஆயில் பிரஷர் இறங்கினால் பம்பின் கரண்டை வெட்டும் சுவிட்ச். அது இல்லாமல் போட்டால், மோதி எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் சூடான எஞ்சின் மேல் பெட்ரோலை ஊத்திக்கிட்டே இருக்கும்.

கெப்போங் வி8:
நேற்று மத்தியானம் ஜாமில் ஓட்டிட்டு வந்து பார்த்தேன். பீய்ச்சல் ரெண்டு பக்கமும் நல்லா வருது. ஸ்பார்க் ஆரஞ்சு. காயில் பிளஸில் 11.9 வோல்ட்! காயிலைத் தொட முடியல, அவ்வளவு சூடு. மூணு மூக்கு ஃபில்ட்டர் அப்படியே இருக்கு, ஹீட் ரைஸர் ஆடுது.

பழைய இரும்பு:
அப்போ எண்ணெயை விடுங்க. 11.9 என்றால் பேலஸ்ட் இல்லை. காயிலின் பிரைமரி ஒன்றரை ஓம் அளவுதான் இருக்கும். வெளியே அதே அளவு ரெசிஸ்டன்ஸ் இல்லாதபோது கரண்ட் ரெட்டிப்பாகுது. ஓடும் காற்று இருக்கும் வரை தாங்கும். ஜாமில் பானெட்டுக்குள் வெப்பம் ஏறினதும் காயிலின் உள் சுற்று பலவீனமாகி ஸ்பார்க் செத்துடுது. ஆறினால் திரும்ப உயிர் வருது. அரை மணிக் கணக்கு அதனாலதான்.

பேலஸ்ட் வேலையைச் செய்த பழைய ரெசிஸ்டன்ஸ் வயர் ஹார்னஸுக்குள் (வயர்க்கட்டுக்குள்) அறுந்திருக்கும், யாரோ சாதா வயர் இழுத்திருப்பாங்க. அந்த வயரைத் தேடி ஹார்னஸைப் பிரிக்க வேணாம். 1.8 ஓம் பீங்கான் பேலஸ்ட் ஒன்றை ஃபயர்வாலில், பிளாஸ்டிக்கும் ஹோஸும் இல்லாத இடத்தில் வைங்க. அது சூடாகத்தான் செய்யும், பயப்பட வேணாம். ஸ்டார்ட்டர் சாலினாய்டின் சின்ன முனையிலிருந்து காயில் பிளஸுக்கு வரும் வயர் பத்திரமா இருக்கணும். எஞ்சினைச் சுத்தும் நேரத்தில் மட்டும் முழு 12 வோல்ட் கொடுப்பது அதுதான். அதை விட்டால் காலையில் பிடிக்கச் சிரமப்படும்.

வெந்த காயிலை நம்பாதீங்க, வெளி ரெசிஸ்டரோடு பயன்படுத்தும் வகையைக் கேட்டு வாங்குங்க. பாயிண்ட், கண்டென்சர் ரெண்டும் சேர்த்தே மாத்துங்க. இத்தனை நாள் கூடுதல் கரண்டில் பாயிண்ட் முகம் குழி விழுந்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் இருக்கும் உலோக ஜன்னலைத் தூக்கி, ஓடும்போதே எட்டில் ஒரு இன்ச் ஆலன் சாவியால் ட்வெல்லை (பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தை) 30 டிகிரிக்குத் திருப்புங்க. டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) பார்ப்பது அதுக்கு அப்புறம்தான். ட்வெல் மாறினால் டைமிங்கும் மாறிடும்.

பட்டர்வொர்த் கார்ப்:
டைமிங் பார்க்கும்போது ரோன் (ஆக்டேன்) 97 பெட்ரோல் ஊத்திப் பாருங்க. அந்த எஞ்சின் 10.5க்கு 1 கம்ப்ரஷன். 95-ல் மேடேறும்போது தட்டும் சத்தம் வரும். சத்தத்துக்குப் பயந்து டைமிங்கை நிறையப் பின்னுக்குத் தள்ளினால் எஞ்சின் இன்னும் சூடாகும்.

தாமான் எயர்கோன்:
ஐடில் குலுங்குறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஆர்134ஏ-க்கு மாத்தும்போது எயர்கோனின் பழைய கண்டென்சரை (ரேடியேட்டர் முன்னால் கேஸை ஆற்றுவது, இக்னிஷன் கண்டென்சர் இல்ல) அப்படியே விட்டிருப்பாங்க. கேஜ் மாட்டுங்க. 33 டிகிரி வெயிலில் ஹை சைடு (அழுத்தம் கூடின பக்கம்) 200 முதல் 230 பிஎஸ்ஐ இருக்கணும். நின்ற இடத்தில் 300-ஐத் தாண்டினால் கண்டென்சருக்குக் காற்று போதல, இல்லாட்டி கேஸ் அதிகம். பழைய ஆர்12 எடையில் 80 முதல் 85 விழுக்காடுதான் அடைக்கணும். பலர் பழைய ஸ்டிக்கரைப் பார்த்து முழுசா அடைச்சிடுவாங்க.

எஞ்சின் சூடாக அணைத்ததும் ஃபேனைக் கையால் சுண்டுங்க, பெல்ட்டில் கை படாமல். ஒரு சுற்றுக்கு மேல் தாராளமாக ஓடினால் ஃபேன் கிளட்ச் போச்சு. ஷ்ரவுட் (ஃபேனைச் சுத்தி ரேடியேட்டரில் மாட்டும் கூடு) இருக்கா என்றும் பாருங்க, கோர் மாத்தும்போது அதை ஒர்க்ஷாப் மூலையிலேயே விட்டுடுவாங்க.

கெப்போங் வி8:
ஷ்ரவுட் இல்ல அண்ணே. அந்த ஒர்க்ஷாப்புக்கு நாளைக்கே போய்த் தேடுறேன்.